டிமென்ஷியா ஹோம் பாக்கப் போறீங்களா, இதெல்லாம் கவனிச்சுட்டு முடிவு பண்ணுங்க

டிமென்ஷியான்னா ஞாபகமும் யோசிக்கிற சக்தியும் கொஞ்சம் கொஞ்சமா மங்கிப் போற வியாதி. அது வந்தவங்களைத் தங்க வெச்சுப் பாத்துக்கற ஹோம் பாக்கப் போனா முதல்ல நம்மளைக் கூட்டிட்டுப் போய் காட்டுறது ரிசப்ஷன், தோட்டம், டிவி ஹால், அப்புறம் பெட்ஷீட் சுருக்கமில்லாம விரிச்சு வெச்ச ஒரு காலி ரூம். நிறைய பேர் அதைப் பாத்துட்டு "பரவால்ல, சுத்தமா இருக்கு"ன்னு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடுறாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, வீட்ல ராத்திரி யாரும் தூங்காம, வேலைக்கும் ஒழுங்கா போக முடியாம, கூடப் பிறந்தவங்களுக்குள்ளயே சண்டை வந்து, யாராவது பாத்துக்கிட்டா போதும்ங்கற நிலைமைல தான் ஹோம் தேடவே ஆரம்பிக்கிறோம்.

இருந்தாலும் ஒரு விஷயத்தை மட்டும் பாக்காம கையெழுத்து போடாதீங்க. அந்த ஹோம்ல ரொம்ப முத்தின நிலைமைல யாரு இருக்காங்களோ, பேச முடியாதவங்க, எந்திரிக்க முடியாதவங்க, நாள் பூரா கத்திக்கிட்டே இருக்கறவங்க, அவங்களை எப்படி வெச்சிருக்காங்கன்னு பாருங்க. உங்க அப்பா இன்னைக்கு நடக்குறாரு, சிரிக்கிறாரு, தானே சாப்புடுறாரு, அவரை யாரு வேணா நல்லா பாத்துக்குவாங்க. டிமென்ஷியா கூடிக்கிட்டே போற வியாதி, சில வருஷத்துல அவரும் அந்த நிலைமைக்கு வருவாரு, அப்ப அவரால புகார் சொல்லவும் முடியாது. அந்த நாளைக்கும் சேத்துத்தான் நாம இப்ப இடம் தேடுறோம்.

எந்த நேரத்துல போகணும்

ஒரு தடவை சொல்லிட்டு போங்க, இன்னொரு தடவை சொல்லாம போங்க. ரெண்டாவது தடவை சாயங்காலம் 4 மணிக்கு மேல போறது நல்லது, ஏன்னா டிமென்ஷியா இருக்குற நிறைய பேருக்கு பொழுது சாயற நேரத்துல தான் பதட்டம், பயம், "வீட்டுக்குப் போகணும்"ங்கற தவிப்பு எல்லாம் அதிகமாகும், சன்டவுனிங்னு சொல்லுவாங்க. சில இடத்துல அந்த நேரத்தை ஒட்டித்தான் ஷிஃப்ட் முடிஞ்சு ஆளுங்களும் மாறுவாங்க. ஒரு ஹோமோட லட்சணம் அந்த ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சிடும். முடிஞ்சா ஒரு லீவு நாள்லயும் போய்ப் பாருங்க, மேனேஜர் இல்லாத நாள்ல எத்தனை பேர் வேலைல இருக்காங்கன்னு தெரியும். தொத்து நோய் பரவுற சமயத்துல பார்வையாளர்களை நிறுத்தி வெக்கிறது நியாயம் தான், ஆனா சாதாரண நாள்லயும் "முன்கூட்டியே சொன்னா தான் உள்ள விடுவோம், ஹாலைத் தாண்டி வரக்கூடாது"ன்னு சொன்னா எனக்கு அந்த இடம் வேணாம்.

போனதும் சுத்திப் பாக்கணும்னு அலையாதீங்க, எல்லாரும் உக்காந்திருக்குற ஹால்ல ஒரு ஓரமா அரை மணி நேரம் உக்காருங்க. மத்தவங்க ரூமுக்குள்ள எட்டிப் பாக்காதீங்க, அது அவங்க வீடு. ஹால்லயே வேண்டியது எல்லாம் தெரியும்.

நகம் வெட்டி இருக்கா, உதடு வறண்டு வெடிச்சிருக்கா, கண்ணாடி போடுறவங்க கண்ணாடி துடைச்சிருக்கா, காது மெஷின் காதுல இருக்கா இல்ல டிராயர்ல இருக்கா, பல்செட் வாயில இருக்கா. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா காது கேக்காம, கண்ணு தெரியாம உக்கார வெச்சிருந்தா யாருக்கும் குழப்பம் கூடத்தான் செய்யும், அதை வியாதி முத்திடுச்சுன்னு எழுதிடுவாங்க. வாடையைப் பத்தி சொல்லணும்னா, ஒரு இடத்துல சிறுநீர் வாடை வந்தா இப்பத்தான் யாருக்கோ போயிருக்கும், அது சகஜம். காரிடார் பூரா பழைய வாடை ஊறிப் போயிருந்தாலோ, மூக்கைத் துளைக்கிற மாதிரி ரூம் ஸ்பிரே அடிச்சிருந்தாலோ தான் யோசிக்கணும்.

அப்புறம் பேச்சைக் கேளுங்க. நல்ல ஸ்டாஃப் கிட்ட வந்து, கண்ணுக்கு நேரா குனிஞ்சு, பேர் சொல்லிக் கூப்ட்டு, "இப்ப கையைப் பிடிச்சு எழுப்பப் போறேன்"னு சொல்லிட்டுத்தான் தொடுவாங்க. பின்னாடி இருந்து வந்து வீல்சேரைத் திடுக்குனு இழுக்குறதும், தலைக்கு மேல ரெண்டு ஸ்டாஃப் அவங்க சொந்தக் கதையைப் பேசிக்கிட்டே வாயில ஊட்டுறதும் பாத்தீங்கன்னா குறிச்சு வெச்சுக்குங்க. ஒரு பாட்டி "எங்க அம்மா எப்ப வருவாங்க"ன்னு பத்தாவது தடவையா கேப்பாங்க, அதுக்கு "உங்க அம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு"ன்னு பதில் வருதா, இல்ல "அம்மா ஞாபகமா இருக்கா, அவங்க எப்படி இருப்பாங்க சொல்லுங்க"ன்னு பக்கத்துல உக்காந்து கேக்குறாங்களா. முதல் பதில்ல அந்தப் பாட்டிக்கு அம்மா அப்பத்தான் செத்த மாதிரி இருக்கும், அதை ஒரு நாளைக்கு பத்து தடவை அனுபவிக்க வெக்கிறது கொடுமை.

எனக்கு மன்னிக்கவே முடியாதது ஒண்ணு இருக்கு. பாத்ரூம் போகணும்னு கேக்குறவங்ககிட்ட "டயப்பர் போட்டிருக்கீங்கல்ல, அதுலயே போங்க"ன்னு சொல்றது. ஒரு தடவை காதுல விழுந்தாலே போதும், அந்த இடத்தை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. கேட்டுப் போகத் தெரிஞ்ச மனுஷனை டயப்பருக்குப் பழக்கிட்டா அப்புறம் அந்தப் பழக்கம் திரும்ப வராது, தோலும் புண்ணாகும், மானமும் போகும்.

காலைல 11 மணிக்கு எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டு தூங்கிட்டு இருந்தா அதை அமைதின்னு நெனச்சுடாதீங்க. ஒண்ணு செய்ய எதுவும் இல்லாம சோர்ந்து கிடக்கணும், இல்லன்னா மருந்து.

மருந்து, கட்டிப் போடுறது

இந்த ரெண்டைப் பத்தியும் கூச்சமே படாம கேளுங்க. "உங்ககிட்ட இருக்குறவங்கள்ல எத்தனை பேருக்கு ஆன்டிசைக்கோட்டிக் மருந்து குடுக்குறீங்க? யாரு முடிவு பண்ணுவாங்க? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட சொல்லுவீங்களா? எவ்ளோ நாளைக்கு ஒரு தடவை குறைக்க முடியுமான்னு பாப்பீங்க?" ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபின், க்வெட்டியாபின் இதெல்லாம் அந்த வகை, மனநோய்க்குக் குடுக்குற மருந்துங்க. டிமென்ஷியா இருக்குற வயசானவங்களுக்கு இந்த மருந்து குடுத்தா சாவு ஆபத்து கூடுதுன்னு அமெரிக்கால மருந்துகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 2005ல புது வகை மருந்துகளுக்கும் 2008ல பழைய வகைக்கும் மருந்துக் குறிப்புலயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வெச்சுது. அதுக்காக குடுக்கவே கூடாதுன்னு இல்ல, தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்து வர்ற அளவுக்கு போனா டாக்டர் கம்மி டோஸ்ல கொஞ்ச நாளைக்குக் குடுத்துப் பாப்பாங்க, நீங்களா போய் நிறுத்தவும் கூடாது. ஆனா ஆள் பத்தலன்னு ராத்திரி எல்லாரையும் தூங்க வெக்க குடுக்குறது வேற.

டிமென்ஷியால பல வகை உண்டு, உங்க வீட்டாளுக்கு அதுல லூயி பாடி டிமென்ஷியாங்கற வகைன்னு டாக்டர் சொல்லியிருந்தா இது இன்னும் முக்கியம். அந்த வகைல இந்த மருந்துகள், அதுலயும் ஹாலோபெரிடால், உடம்பை ஒரேயடியா விறைக்க வெச்சு உயிருக்கே ஆபத்தாகலாம். ஹோம்ல நர்ஸ்கிட்ட "லூயி பாடி இருக்குறவங்களுக்கு எதைக் குடுக்கக் கூடாது"ன்னு சும்மா கேட்டுப் பாருங்க, முழிச்சாங்கன்னா உங்களுக்கே புரிஞ்சிடும்.

இதை விட நல்ல கேள்வி ஒண்ணு இருக்கு, "ஒருத்தர் திடீர்னு கத்துறாரு, அடிக்க வர்றாரு, முதல்ல என்ன பண்ணுவீங்க?" நல்ல இடத்துல மருந்து பேச்சே முதல்ல வராது. வலி இருக்கான்னு பாப்போம், மலச்சிக்கல் இருக்கான்னு பாப்போம், யூரின் இன்ஃபெக்ஷனா, பசியா, தாகமா, ஈரமா இருக்காரா, ஹால்ல சத்தம் ஜாஸ்தியா, குளிப்பாட்ட வந்த ஆள் புதுசான்னு வரிசையா சொல்லுவாங்க. பேச முடியாதவங்களுக்கு வலியைக் கண்டுபிடிக்க பெயினாட்னு ஒரு ஸ்கேல் இருக்கு, 2003ல வந்தது, மூச்சு விடுற விதம், முனகல், முகம், உடம்பை வெச்சிருக்குற விதம், சமாதானம் பண்ணா அடங்குறாங்களான்னு 5 விஷயத்துக்கு 0ல இருந்து 2 வரைக்கும் போட்டு மொத்தம் 10க்கு பாப்பாங்க. இதே ஸ்கேல் தான் வேணும்னு இல்ல, ஏதோ ஒண்ணு வெச்சு பாக்குறாங்களாங்கறது தான் கேள்வி.

இன்னொண்ணு, ஒரே நாள்ல ரெண்டு நாள்ல திடீர்னு குழம்பிப் போனா அது டிமென்ஷியா கூடுனது இல்ல, பெரும்பாலும் டெலிரியம், உள்ள ஏதோ இன்ஃபெக்ஷனோ நீர் வத்தினதோ மருந்து ஒத்துக்காததோ இருக்கும், டாக்டர் உடனே பாக்கணும். "அவங்களுக்கு டிமென்ஷியா, அப்படித்தான் இருப்பாங்க"ன்னு சொல்ற ஹோம்ல நிறைய விஷயம் கவனிக்காமலே போயிடும்.

கட்டிப் போடுறதுன்னா கயிறு மட்டும் இல்ல. எந்திரிக்க முடியாதபடி முன்னாடி தட்டு பூட்டுன சேர், இடுப்பு பெல்ட், ரெண்டு பக்கமும் ஏத்தி விட்ட பெட் ரெயில், எல்லாமே அதுல தான் வரும். "விழுந்துடுவாங்க, அதுக்குத்தான்"னு சொல்லுவாங்க, கேக்க நியாயமாவும் இருக்கும். ஆனா ரெயிலைத் தாண்டிக் குதிக்கப் பாத்து இன்னும் உயரத்துல இருந்து விழுந்தவங்க, கம்பிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு உயிரை விட்டவங்க உண்டு. உக்கார வெச்சே வெச்சிருந்தா கால்ல இருக்குற கொஞ்ச நஞ்ச பலமும் போய், நிக்கும்போது விழத்தான் செய்வாங்க. அமெரிக்கால 1987 சட்டத்துலயே நர்சிங் ஹோம்ல வசதிக்காகவோ தண்டனையாவோ கட்டிப் போடக்கூடாது, மருந்தால அடக்கவும் கூடாதுன்னு எழுதிட்டாங்க. நல்ல இடத்துல தரையை ஒட்டி இறங்குற கட்டில், கீழ ஒரு மெத்தை, எந்திரிச்சா அலாரம் அடிக்கிற சென்சார், எல்லாத்துக்கும் மேல கூட நடக்க ஒரு ஆளு இருக்கும்.

ஆளு எத்தனை, நிமிஷம் எத்தனை

"போதுமான ஸ்டாஃப் இருக்காங்க"ங்கறது பதிலே இல்ல. காலை, மாலை, ராத்திரி ஷிஃப்ட்ல தனித்தனியா எத்தனை பேர், ராத்திரி முழிச்சு இருக்குறவங்க எத்தனை பேர்னு கேட்டு நீங்களே கணக்கு போடுங்க. 20 பேர் இருக்குற இடம், காலைல 4, மாலைல 3, ராத்திரி 1, ஆளுக்கு 8 மணி நேரம்னா மொத்தம் 64 மணி நேரம், 20ஆல வகுத்தா ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 192 நிமிஷம் வருது. சமையல், துடைக்கிறவங்க, ஆபீஸ் ஆளுங்களை இதுல சேக்காதீங்க. ஒப்பிட்டுப் பாக்க வேணும்னா, ஆஸ்திரேலியால 2024 அக்டோபர்ல இருந்து சராசரியா ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 215 நிமிஷம், அதுல 44 நிமிஷம் ரிஜிஸ்டர்ட் நர்ஸ் குடுக்கணும்னு வெச்சிருக்காங்க. அதை விட கம்மியா இருந்தா உடனே வேணாம்னு சொல்ல வரல, ஆனா 80, 90ன்னு வந்தா அவங்க எவ்ளோ நல்ல மனசுக்காரங்களா இருந்தாலும் உக்காந்து ஊட்ட நேரம் இருக்காது, கணக்குலயே இடிக்கும்.

எண்ணிக்கையை விட முக்கியம் அதே ஆளுங்க அதே ஆட்களைப் பாக்குறாங்களாங்கறது. முகம் மாறிக்கிட்டே இருந்தா டிமென்ஷியா இருக்குறவங்களுக்கு தினம் தினம் யாரோ ஒரு அந்நியர் வந்து துணியைக் கழட்டுற மாதிரி தான் இருக்கும், அடிக்காம என்ன பண்ணுவாங்க. ஒரு வருஷத்துல எத்தனை பேர் வேலையை விட்டுப் போனாங்க, ஏஜென்சில இருந்து தற்காலிகமா வர்ற ஆளுங்க எவ்ளோன்னு மேனேஜர்கிட்ட கேளுங்க, அதே கேள்வியை ஸ்டாஃப்கிட்டயும் "இங்க எவ்ளோ நாளா இருக்கீங்க அக்கா"ன்னு கேளுங்க. இன்னொண்ணும் கேளுங்க, "நீங்க பாத்துக்கறவங்கள்ல யாராவது ஒருத்தரைப் பத்தி பேர் சொல்லாம சொல்லுங்களேன், அவங்களுக்கு என்ன புடிக்கும்?" எங்க அம்மா இருந்த இடத்துல ஒரு அக்கா இதுக்கு கால் மணி நேரம் பேசுனாங்க, ஒருத்தருக்கு துண்டு சூடா இருந்தா தான் குளிப்பாரு, ஒருத்தருக்கு கதவு பக்கம் முதுகு காட்டி உக்கார வெக்கக் கூடாதுன்னு. எந்த பிரோஷரும் இதைச் சொல்லாது.

சாப்பாடு, தோல்

சாப்பாட்டு நேரத்துல இருந்து பாருங்க. ஊட்டுறவங்க உக்காந்து ஊட்டுறாங்களா நின்னுக்கிட்டா, ஒரு வாய் முழுங்கினதைப் பாத்துட்டு அடுத்த வாய் குடுக்குறாங்களா, ஆளை நிமித்தி உக்கார வெச்சிருக்காங்களா. வியாதி முத்த முத்த முழுங்குறதே கஷ்டமாகும், சாப்பாடு மூச்சுக் குழாய்க்குள்ள போய் நிமோனியா வரும், டிமென்ஷியால நிறைய பேர் கடைசில இதனால தான் போறாங்க. சாப்பிடும்போது இருமினா, வாயில சாப்பாட்டை அடக்கியே வெச்சிருந்தா யாரைக் கூப்பிடுவீங்கன்னு கேளுங்க. வெள்ளைத் தட்டுல வெள்ளைச் சாப்பாடு வெச்சா நிறைய பேருக்கு அது கண்ணுக்கே தெரியாது, அடர்த்தியான கலர் தட்டு வெச்சா ஜாஸ்தி சாப்புடுறாங்க, இது தெரிஞ்சு வெச்சிருக்குற ஹோம் மத்ததையும் தெரிஞ்சு வெச்சிருக்கும். மாசம் ஒரு தடவையாவது வெயிட் பாத்து எழுதுறாங்களா, குறைஞ்சா என்ன செய்வாங்க. கடைசிக் கட்டத்துல மூக்கு வழியாவோ வயித்து வழியாவோ டியூப் போடலாம்னு சில இடத்துல சுலபமா சொல்லுவாங்க, ஆனா முத்தின டிமென்ஷியால டியூப்னால ஆயுசு கூடுறதும் இல்ல, நிமோனியா குறையறதும் இல்ல, வயசானவங்களுக்கான டாக்டர்களோட சங்கமான அமெரிக்கன் ஜீரியாட்ரிக்ஸ் சொசைட்டியும் பொறுமையா கையால ஊட்டுறதைத் தான் சொல்லுது. பொறுமையா ஊட்ட ஆளு வேணும், திரும்ப அந்த நிமிஷக் கணக்கு தான்.

படுக்கைப் புண்ணைப் பத்தி நேரா கேளுங்க. "இப்ப எத்தனை பேருக்கு இருக்கு, அது இங்க வந்ததா ஆஸ்பத்திரில இருந்து கொண்டு வந்ததா?" ஒண்ணு ரெண்டு இருந்தா அதை வெச்சு ஒதுக்க வேணாம், மறைக்காம சொல்றாங்களான்னு பாருங்க. தானா புரள முடியாதவங்களை எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வெக்கிறாங்க, ராத்திரியும் செய்றாங்களா, எழுதி வெக்கிறாங்களா, குதிகாலும் முதுகுத்தண்டோட அடிப்பக்கமும் தினம் பாக்குறாங்களா.

கட்டடத்துல பாக்க வேண்டியது கொஞ்சம் தான். பாத்ரூம் கதவு தனிக் கலர்ல கண்ணுக்குத் தெரியணும், தரை பளபளன்னு ஈரம் மாதிரி மின்னக் கூடாது, நடுவுல கறுப்பு மிதியடி கிடந்தா அது பள்ளமா தெரிஞ்சு நின்னுடுவாங்க. நடந்துக்கிட்டே இருக்குறவங்களுக்கு முட்டுச்சந்து இல்லாம சுத்தி வர வழியும், பூட்டின கேட்டுக்குள்ள வெளிக் காத்தும் இருக்கணும். ஒரு பிரிவுல எத்தனை பேர்னு பாருங்க, கம்மியா இருந்தா சத்தமும் குழப்பமும் கம்மி. நெதர்லாந்துல வீஸ்ப்ங்கற இடத்துல 2009ல ஆரம்பிச்ச ஹோகவே கிராமத்துல ஒரு வீட்டுக்கு ஆறேழு பேர் தான். யாராவது வெளிய போய் காணாம போனா என்ன செய்வாங்க, எல்லாரோட லேட்டஸ்ட் போட்டோவும் வெச்சிருக்காங்களான்னும் கேட்டுக்குங்க.

ரேட்டிங், அக்ரிமென்ட்

சில நாட்டுல அரசாங்கமே ஹோம்களுக்கு ரேட்டிங் போடுது. இங்கிலாந்துல ஹோம்களைக் கண்காணிக்கிற சிக்யூசிங்கற அமைப்பு அவுட்ஸ்டாண்டிங்ல (ரொம்ப நல்லா இருக்கு) இருந்து இனடிக்வேட் (போதாது) வரைக்கும் 4 படி வெச்சிருக்கு, அமெரிக்கால கேர் கம்பேர்ங்கற அரசாங்க வெப்சைட்ல 5 ஸ்டார். ஸ்டாரை மட்டும் பாக்காம உள்ள இருக்குற ரிப்போர்ட்டைப் படிங்க, தேதியையும் பாருங்க, அதுக்கப்புறம் மேனேஜர் மாறியிருந்தா அது வேற ஹோம்னே வெச்சுக்கலாம். ஸ்டாரை முழுசா நம்பவும் முடியாது. அமெரிக்கால ஆன்டிசைக்கோட்டிக் எத்தனை பேருக்குக் குடுக்குறாங்கங்கற கணக்குல ஸ்கிசோஃப்ரீனியாங்கற மனநோய் இருக்குறவங்களைச் சேக்க மாட்டாங்க, அவங்களுக்கு அந்த மருந்து தேவைங்கறதால, அதனால சில ஹோம்ல இல்லாத ஸ்கிசோஃப்ரீனியாவை எழுதி வெச்சாங்க, 2023ல இருந்து அதுக்குன்னே ஆடிட் நடக்குது. ரேட்டிங்கே இல்லாத ஊர்னா லைசென்ஸ் அல்லது பதிவு இருக்கான்னு பாத்துட்டு, அங்க ஏற்கனவே ஆள் வெச்சிருக்குற ரெண்டு குடும்பத்துக்கிட்டயாவது வாசல்ல நின்னு பேசுங்க, ஹோம்காரங்களே குடுக்குற நம்பர்ல பேசாதீங்க.

அக்ரிமென்ட்ல முக்கியமா தேட வேண்டியது, எந்தெந்த காரணத்துக்கு அனுப்பிடுவாங்கங்கறது. "நடத்தை சமாளிக்க முடியலன்னா வெளியேத்துவோம்"னு ஒரு வரி இருந்தா அதுக்கு முன்னாடி என்னென்ன செய்வாங்க, எவ்ளோ நாள் டைம் குடுப்பாங்கன்னு எழுதி வாங்குங்க. கடைசி வரைக்கும் வெச்சுக்குவாங்களா, வலி குறைக்கிற பேலியேட்டிவ் கேர் அங்கயே கிடைக்குமா, இல்ல மூச்சு வாங்கினா நேரா ஆஸ்பத்திரி தானா. டயப்பர், மருந்து, டாக்டர் விசிட் தனி பில்லா, ஆஸ்பத்திரில இருக்குற நாளுக்கும் ஃபுல் காசா, டெபாசிட் எப்ப திரும்ப வரும்.

சேத்து விட்டப்புறம்

ஒரு பக்கத்துக்கு அவங்களைப் பத்தி எழுதிக் குடுங்க, எப்படிக் கூப்பிட்டா புடிக்கும், என்ன வேலை பாத்தாங்க, எதுக்கு பயப்படுவாங்க, தூங்க என்ன வேணும், எந்தப் பக்கம் வலி. முதல் மாசம் தவிப்பாங்க, அழுவாங்க, அதை வெச்சு உடனே மாத்தாதீங்க, ஒவ்வொரு இடமாற்றமும் அவங்களை ஒரு படி கீழ இறக்கும். துணி மாறிப் போறது, ஒரு நாள் ஷேவ் பண்ணாம விடுறது இதெல்லாம் பேசித் தீத்துக்கலாம். காரணம் சொல்ல முடியாத காயம், உங்களுக்கு சொல்லாம மறைச்ச விழுந்த சம்பவம், வெயிட் கிடுகிடுன்னு இறங்குறது, குறிப்பிட்ட ஒரு ஸ்டாஃபைப் பாத்தா மட்டும் சுருங்கிப் போறது, இதுக்கெல்லாம் பொறுமை வேணாம், அன்னைக்கே எழுத்துல கேளுங்க, பதில் சரியில்லன்னா கண்காணிக்கிற அதிகாரிக்கு எழுதிட்டு வேற இடம் தேடுங்க.

போற நேரத்தை மாத்தி மாத்திப் போங்க. மருந்து லிஸ்டும் வெயிட் சார்ட்டும் மாசா மாசம் ஒரு காப்பி வாங்கி வீட்ல வெச்சுக்குங்க, லிஸ்ட்ல புதுசா ஒரு பேர் ஏறியிருந்தா எதுக்குன்னு கேட்டுட்டு தான் கிளம்பணும்.